கல்லைக் குறை சொன்னவள்

காணாமல் போவதற்குக்கூட லெம்பிக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. நான் காணாமல் போயிருந்தால், மத்தியானச் சாப்பாட்டில் ஒரு ரொட்டி மிஞ்சிய பிறகுதான் இந்தக் கப்பலில் யாருக்காவது உறைத்திருக்கும். அவள் போன அன்றைக்கோ, காலைக் காப்பி ஆறுவதற்குள் மிச்சமிருந்த நாலு பேரும் மேல்தளத்தில் கூடிவிட்டோம். கேப்டன் கஸ்கி சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். இத்தனை வருடத்தில் அந்த மனிதருக்குப் பொத்தான் மாறி நான் பார்த்ததில்லை.

"சின்னப் படகுல ஒண்ணைக் காணோம்," என்றான் தைஸ்தோ. கப்பலின் எஞ்சின் அவன் பொறுப்பு. பையில் எப்போதும் கறுப்பு உப்பு மிட்டாய் வைத்திருப்பான். அன்றைக்கு ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. "அவதான் எடுத்துட்டுப் போயிருக்கா. இருக்கிற இடத்தைச் சொல்ற கருவியையும் அணைச்சு வெச்சிருக்கா. கூப்பிட்டா பதில் இல்ல."

"உங்ககிட்ட கேட்டாளா?" என்று கேப்டனைக் கேட்டாள் ஹில்க்கா. சமையலும் வைத்தியமும் அவள்தான். கையில் மாவு ஒட்டியிருந்தது.

"கேக்கல," என்றார் கேப்டன்.

கேட்காமல் கப்பலை விட்டு இறங்கினால் அதிகாரிக்குப் பதவி போய்விடும். நட்சத்திரக் கப்பல்களில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம் இது. அதிலும் லெம்பி முதல் அதிகாரி. இரண்டாம் அதிகாரி நான். எனக்கு அந்த நேரத்தில் கவலை வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். உள்ளதைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்?

எங்கள் கப்பலுக்குக் குயிக்கா என்று பெயர். ஊர் ஏரியில் முங்கி மீன் பிடிக்கும் ஒரு பறவையின் பெயர் அது. அந்த ஏரியை எல்லாம் விட்டுவிட்டு வேறொரு சூரியனுக்குப் பக்கத்தில், ஒரு பனி நிலாவைச் சுற்றிக்கொண்டு, பனியை உருக்கித் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தோம். வரைபடத்தில் நிலாவுக்கு வெறும் எண்தான். மேலிருந்து பார்க்கக் கிண்ணத்தில் ஊற்றிய மோர் மாதிரி இருக்கிறது என்று ஹில்க்கா சொன்னாள். அதிலிருந்து எங்களுக்கு அது மோர்.

போன துறைமுகத்தில் பழைய முதல் அதிகாரி முழங்கால் வலி தாங்காமல் இறங்கிக்கொண்டார். வரிசைப்படி அடுத்தது நான். அலுவலகத்திலிருந்து வந்த உத்தரவில் இருந்ததோ லெம்பியின் பெயர். அவள் இந்தக் கப்பலுக்கு வந்த முதல் நாள் எந்தக் கதவு எங்கே போகிறது என்று காட்டினவள் நான். ஒரே அறை எங்களுக்கு. கீழ்க் கட்டில் எனக்கு, மேல் கட்டில் அவளுக்கு. பதவி வந்ததும் அவளுக்குத் தனி அறை கொடுத்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "அடிக்கடி வாடி," என்றாள். சொந்த வீடு கட்டிக் குடிபோகிறவள் மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கேப்டன் என் பக்கம் திரும்பினார். "துயிரே, உனக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றேன். அது சத்தியமான வார்த்தை.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, "ஓ, சவுனாவா?" என்றார்.

எங்கள் ஆட்கள் கப்பல் கட்டினால் முதலில் சவுனாவுக்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதைக் கட்டுவார்கள். குயிக்காவில் இருப்பது இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு சின்ன மர அறை. அடுப்பு நிறையக் கற்கள். சனிக்கிழமை அடுப்பை மூட்டிக் கல்லைக் காய்ச்சி, கரண்டியால் தண்ணீர் விட்டு, வருகிற ஆவியில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருப்போம். முதலில் பெண்கள் முறை, அப்புறம் ஆண்கள் முறை. துணியோடு பதவியையும் வெளியே கழற்றி வைத்துவிட வேண்டும். உள்ளே பேசியதை வெளியே சொல்லக்கூடாது. வெளியே இருப்பவர்கள் கேட்கவும் கூடாது. கேப்டனே ஆனாலும் கேட்க மாட்டார். பெற்றவர்கள் இறந்தபோதுகூட உள்ளே அழுதுவிட்டு வெளியே வந்து காப்பி குடிக்கிற ஜனங்கள் நாங்கள்.

ஆக, நான் தெரியாது என்றதை அவர் அப்படி எடுத்துக்கொண்டார். லெம்பி சவுனாவில் என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், நான் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று.

"சரி, கேக்கல," என்றார். "ஒண்ணு மட்டும் சொல்லு. அவளுக்கு ஆபத்து ஏதாவது உண்டா?"

"லெம்பிக்கா?" அடிவயிற்றில் இருந்தது வாய்க்கு வந்துவிட்டது. "அவளுக்கு என்ன ஆகும்? அவ ராசிக்கு, தலைகீழா விழுந்தாலும் யாராவது மெத்தை போட்டு வெச்சிருப்பாங்க."

வயிற்றெரிச்சலில் சொன்ன பேச்சு அது. கேப்டனின் முகத்தில் பாதிக் கவலை அப்போதே வடிந்துவிட்டது. பொத்தானைச் சரி பண்ணிக்கொண்டார். எனக்குப் புரிந்தது. ஐயோ, அப்படி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"அதானே பார்த்தேன்," என்று தைஸ்தோ என் தோளில் தட்டினான். "உன்கிட்ட சொல்லாம அவ எங்க போகப்போறா? பொறந்தப்பவே ஒட்டிப் பொறந்த ஜோடியாச்சே."

காது குளிர்ந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

உண்மையில், நான் சவுனாவுக்குப் போயே பல வாரமாகிவிட்டது. அது ஆண்களுக்குத் தெரியாது. அவர்கள் முறை வேறு நேரம். லெம்பிக்குப் பதவி வந்த அந்த வாரத்திலிருந்து போகவில்லை. அவள் கூப்பிட்டபோது, "கல்லு செத்துப்போச்சு. தண்ணி ஊத்துனா புஸ்ஸுங்குது, ஆவியே இல்ல. அதுல உக்காந்து என்ன பண்ண?" என்று சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமையும் கூப்பிட்டாள். அதே பதில். கற்கள் பழசுதான், விரிசல் விட்டுப் பொடிந்துகொண்டுதான் இருந்தன. ஆனாலும் ஆவி வராத அளவுக்கு ஒன்றும் மோசமில்லை. நான் போவதை நிறுத்திய பிறகு லெம்பி ஹில்க்காவோடு போக ஆரம்பித்தாள். அதுவும் எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் முகம் சிவந்து, ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டு வெளியே வருவதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் யாரிடம் சொல்லியிருப்பாள்? ஹில்க்காவிடம்தான். வேறு யாரிடம்? அந்த நினைப்பு வந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருடம் கீழ்க் கட்டிலில் படுத்து அவள் குறட்டையைக் கேட்டவள் நான். ரகசியம் போய்ச் சேர்ந்தது ரொட்டி சுடுகிறவளிடம்.

லெம்பி இல்லாததால் முதல் அதிகாரியின் வேலை என் தலையில் வந்தது. மேல்தளத்தில் அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு நேரே மோர் முழுசாகத் தெரிகிற இடம் அது. இரண்டாம் அதிகாரியின் நாற்காலியிலிருந்து பார்த்தால் ஒரு தூணும் பாதி நிலாவும்தான் தெரியும். நன்றாகச் சாய்ந்துகொண்டேன். லெம்பிக்குக் கொக்குக் கால். நாற்காலியை அவள் உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தாள். என் கால் தரையில் படவில்லை. உயரத்தைக் குறைக்கிற திருகு எங்கே என்று தேடினேன், அகப்படவில்லை. யாரையாவது கேட்டால் மானம் போகும். அன்று முழுக்கக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டே வேலை பார்த்தேன்.

கேப்டன் இரண்டு தடவை வந்து என் பக்கத்தில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டாகிவிட்டது, அதற்கு மேல் கேட்பது எங்கள் வழக்கமில்லை. ஆனால் போகும்போது, "நீ இருக்கறது நல்லதாப் போச்சு, துயிரே," என்றார். அவர் என்னைப் பாராட்டி அதுவரை இரண்டு வார்த்தை சொன்னதில்லை. அதைக் கேட்ட பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வருமா?

மறுநாள் வியாழக்கிழமை. வியாழக்கிழமை என்றால் பட்டாணிக் கஞ்சி, அதற்கு மேல் அப்பம். நட்சத்திரமே வெடித்தாலும் ஹில்க்கா அதை மாற்ற மாட்டாள். மேசைக்குப் போனேன். கேப்டன் கிண்ணத்திலும் தைஸ்தோ கிண்ணத்திலும் பன்றிக்கறி மிதந்தது. என் கிண்ணத்தில் கரண்டியை விட்டுத் துழாவினேன். பட்டாணி மட்டும்தான்.

"கறி தீந்துபோச்சா?" என்றேன்.

"ரகசியமெல்லாம் தெரிஞ்சவங்களுக்கு எதுக்குக் கறி? வயிறு ஏற்கெனவே நிறைஞ்சுதானே இருக்கும்," என்றாள் ஹில்க்கா. கரண்டியை ஓங்கி வைத்தாள்.

தைஸ்தோ தலையைக் குனிந்து கஞ்சி குடித்தான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. தெரிந்தவள் அவள். தெரியாத என்னைப் பார்த்து இப்படி ஒரு குத்தல். தெரிந்துவைத்துக்கொண்டு எப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடிக்கிறாள் பார் என்று மனசுக்குள் திட்டினேன். அப்பத்தைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். நல்ல அப்பம், அது வேறு.

அடுத்த நாள் காலையில் கேப்டன் ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தார். இரண்டாம் தடவை கேட்டார்.

நான் நாற்காலியில் காலைத் தொங்கப் போட்டிருந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார். "வழக்கம் என்னன்னு எனக்குத் தெரியும். நீ சொல்ல வேண்டாம். ஆனா படகுல இருக்கற காத்து இன்னைக்குச் சாயந்தரம் வரைக்கும்தான் தாங்கும். அதுக்குள்ள வந்துடுவால்ல?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அவ எங்க இருக்கான்னு தெரிஞ்சா ஒரு நொடியில போயிடுவேன்," என்றார். "தெரியாம இந்த நிலா முழுக்க எங்கன்னு தேடறது? உன்னை நம்பித்தான் சும்மா இருக்கேன். நீ பதறாம உக்காந்திருக்கே. அதைப் பார்த்துத்தான் நானும் பதறாம இருக்கேன்."

"ஒரு நிமிஷம் கேப்டன்," என்று நாற்காலியிலிருந்து குதித்தேன். கால் தரையில் படும்போது முட்டி வலித்தது. நேரே சமையலறைக்கு ஓடினேன். மானம் போனால் போகட்டும், ஹில்க்காவின் காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டேன். ஆனால் வாசலில் கால் வைத்ததும் பழைய புத்தி வந்துவிட்டது.

"நடிச்சது போதும்," என்றேன். "எங்க போயிருக்கா, சொல்லு."

ஹில்க்கா மாவிலிருந்து கையை எடுத்தாள். "யாரு நடிக்கறா? நீ கேக்கறியா என்னை? நல்லா இருக்கே."

"உன்கூடத்தானே வாராவாரம் சவுனாவுக்குப் போனா. பல்லைக் காட்டிக்கிட்டு வெளிய வந்தீங்களே ரெண்டு பேரும். உன்கிட்டதானே சொல்லியிருப்பா."

ஹில்க்கா என்னையே பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. "இங்க வேண்டாம்," என்றாள். "உள்ள வா."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சவுனாவுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை, அடுப்பு ஜில்லென்று இருந்தது. சட்டை, செருப்பு, மாவுக் கை எல்லாவற்றோடும் இரண்டு பேரும் மரப்பலகையில் உட்கார்ந்தோம். யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் பிடித்துவிட்டது என்றிருப்பார்கள். எதற்கும் கதவைச் சாத்தினாள் ஹில்க்கா.

"இப்பச் சொல்றேன்," என்றாள். "என்கிட்ட அவ ஒண்ணுமே சொல்லல. எந்த வாரமும் அவ பேச்செல்லாம் உன்னைப் பத்தித்தான். துயிரே இப்படி, துயிரே அப்படி, துயிரே என்கூடப் பேசறதே இல்ல. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. நான்னு ஒருத்தி வேர்த்துக் கொட்டிக்கிட்டு எதிர்ல உக்காந்திருக்கேன், என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? நீ வராட்டியும் உன்னைத் தேடி வந்து உன்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிட்டான்னு நினைச்சப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு."

"என்கிட்ட சொல்லல," என்றேன்.

"என்ன?"

"சொல்லல, ஹில்க்கா. எனக்குத் தெரியாது. கேப்டன்கிட்டயும் தெரியாதுன்னுதான் சொன்னேன். அவரு வேற மாதிரி எடுத்துக்கிட்டாரு. நான் திருத்தல."

"ஏன் திருத்தல?"

"நல்லா இருந்துச்சு," என்றேன். "அவ என்கிட்ட சொல்லியிருக்கான்னு எல்லாரும் நினைக்கறது நல்லா இருந்துச்சு."

ஹில்க்கா என்னை அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். நெற்றியெல்லாம் மாவு. "அப்ப யாருக்குமே தெரியாது," என்றாள். "அந்தப் பொண்ணு எங்க கிடக்கான்னு ஒருத்தருக்கும் தெரியாது. நாம ரெண்டு பேரும் கறித்துண்டுக்குச் சண்டை போட்டுக்கிட்டு இருந்திருக்கோம்."

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணைத் திருப்பினேன். அப்போதுதான் அடுப்பைப் பார்த்தேன்.

அடுப்பில் ஒரு கல்கூட இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் வாளி நிறையப் பொடிந்த கல்லும் உடைசலும். வழக்கமாகக் கற்களைப் போட்டு வைக்கிற கம்பிக்கூடையைக் காணவில்லை. சனிக்கிழமை தவிர யாரும் இந்தக் கதவைத் திறப்பதில்லை. அதனால்தான் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

கல்லு செத்துப்போச்சு. நான் சொன்னதுதான். என் வாயால் சொன்னதுதான்.

ஹில்க்கா என்ன என்ன என்று பின்னாலேயே ஓடி வந்தாள். நான் நிற்கவில்லை. மேல்தளத்தில் கேப்டனும் தைஸ்தோவும் இருந்தார்கள்.

"தெற்குப் பக்கத்துக் கறுப்பு மேடு," என்றேன் மூச்சு வாங்க. "மோர்ல கல்லுன்னு இருக்கறது அந்த ஒரே இடம்தான். மத்ததெல்லாம் பனி. சவுனாவுக்குக் கல்லு எடுக்கப் போயிருக்கா."

தைஸ்தோ வாயைப் பிளந்தான். "கல்லு எடுக்கவா?"

"இதைச் சொல்லத்தான் இத்தனை யோசனையா?" என்றார் கேப்டன். "வழக்கத்தை மீறிச் சொல்றே, எனக்குத் தெரியுது. தப்பில்ல, துயிரே. உயிர் பெரிசு."

அப்போதும் ஒரு வழி இருந்தது. ஆமாம் கேப்டன் என்று சொல்லிவிட்டால் போதும், நல்ல பெயரோடு தப்பித்திருப்பேன். ஹில்க்கா வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லியிருக்க மாட்டாள். சவுனாவில் கேட்டதை அவள் எந்தக் காலத்திலும் சொல்லியிருக்க மாட்டாள்.

"வழக்கமெல்லாம் ஒண்ணுமில்ல," என்றேன். "அவ என்கிட்ட எதுவும் சொல்லல. நான் சவுனாவுக்குப் போயே பல வாரம் ஆச்சு. முதல் நாளே சொல்லியிருக்கணும். சொல்லல."

தைஸ்தோ என் தோளில் தட்டிய அதே கையைப் பையில் விட்டுக்கொண்டான்.

"அப்ப இத்தனை நேரம் நான் எதை நம்பிக்கிட்டு இருந்தேன்?" என்றார் கேப்டன். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"என்னை," என்றேன்.

அவர் திரும்பிக்கொண்டார். "ரெண்டாவது படகை எடுங்க. தைஸ்தோ ஓட்டட்டும். நீயும் போ."

இறங்கும் வழியெல்லாம் தைஸ்தோ என்னோடு பேசவில்லை. பேசாமல் இருப்பதில் எங்கள் ஆண்களை யாரும் மிஞ்ச முடியாது என்றாலும், இது வேறு மாதிரிப் பேசாமை. கறுப்பு மேடு கண்ணுக்குத் தெரிந்ததும் மட்டும், "அதோ," என்றான்.

லெம்பியின் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கீழே பனி உடைந்து, ஒரு கால் முழுசாக உள்ளே இறங்கியிருந்தது. உச்சியில் இருந்த ரேடியோக் கம்பி ஒடிந்து தொங்கியது. எத்தனை கத்தினாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது. நான் காப்புடையோடு இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளிருந்து ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினேன். அந்த நேரத்தில் நான் என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். முதல் அதிகாரியாக அவளே இருக்கட்டும், கேப்டன் ஆகட்டும், அறை நாலு எடுத்துக்கொள்ளட்டும், கதவை மட்டும் திறக்கட்டும்.

உள்ளே இருந்து மூன்று தட்டு தட்டினாள்.

எங்கள் படகுக்குள் அவளைத் தூக்கி வந்து தலைக்கவசத்தைக் கழற்றினபோது உதடு நீலமாக இருந்தது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"கூடையை எடுத்துக்கிட்டியா?" என்றாள்.

"உன் கூடையில இடி விழ," என்றேன். அழுகை வந்துவிட்டது. "ஏண்டி, அறிவு இருக்கா உனக்கு? கேக்காம கொள்ளாம, கருவியை அணைச்சுட்டு, தனியா வந்து இந்தப் பள்ளத்துல... கல்லுக்காகவா?"

"கேட்டா கல்லு பொறுக்க யாரு விடுவாங்க? போயிட்டு உடனே வந்துடலாம்னு பார்த்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீதானே சொன்னே, கல்லு செத்துப்போச்சு, அதான் வரலன்னு."

தைஸ்தோ முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"கல்லு காரணமில்ல, லெம்பி."

"தெரியும்," என்றாள்.

"தெரியுமா?"

"ஒரே அறையில இருந்தவளுக்கு இது தெரியாதா? உனக்குப் பொறாமை வந்தா மூக்கு நுனி சிவக்கும். உத்தரவு வந்த அன்னைக்கே சிவந்துபோச்சு."

"தெரிஞ்சுமா போனே?"

"நல்ல கல்லாப் போட்டு வெச்சா, அடுத்த வாரம் நீ என்ன சாக்குச் சொல்றேன்னு பார்க்கலாம்னுதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே."

"எங்க வெச்சுச் சொல்றது?" என்றாள். "அடுப்பை மூட்டிட்டு ஒவ்வொரு வாரமும் உனக்காகத்தானே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ வரவே இல்லையே."

நான் மறுபடி வெளியே இறங்கிப் போய் அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தைஸ்தோ ஒரு உப்பு மிட்டாயை எடுத்து என் பக்கம் நீட்டினான்.

சட்டம் சட்டம்தான். கேப்டன் லெம்பியின் பதவியை எடுத்துவிட்டார். எனக்குத் தண்டனை எதுவும் தரவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பது சட்டத்தில் குற்றமில்லை என்றார். அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆள் வேறு இல்லாததால், அவருக்கு இஷ்டமோ இல்லையோ, முதல் அதிகாரி வேலை என்னிடம் வந்தது. தனி அறையும் வந்தது.

நாற்காலியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லெம்பி கட்டுப் போட்ட விரல்களோடு வந்தாள். குனிந்து, இருக்கைக்கு அடியில் கையை விட்டு எதையோ திருகினாள். நாற்காலி மெதுவாக இறங்கியது. என் கால் தரையில் பட்டது. "சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தூணுக்குப் பின்னால் இருக்கும் என் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். பதவி போனவள் பாடுகிறாள். வந்தவளுக்கு இங்கே வயிறு எரிகிறது. நான் யாருக்காகவும் அந்தப் பனியில் இறங்கிக் கல் பொறுக்கியிருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரியும்.

சனிக்கிழமை அடுப்பை நான்தான் மூட்டினேன். கறுப்புக் கற்களை ஒவ்வொன்றாக அடுக்கினேன். ஹில்க்காவும் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பேர் பலகையில் மூன்று பேர். முதல் கரண்டித் தண்ணீரை லெம்பி என்னையே விடச் சொன்னாள். விட்டேன். உள்ளே என்ன பேசினோம் என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. கல்லில் குறை சொல்ல மட்டும் ஒன்றுமில்லை.